பச்சை விளக்கை நம்பாத வேலை

கவிதா, சரவணா, இதை ஆளுக்கொரு நேரத்தில் போனில் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். ஒருநாள் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். நான் அதிகம் படித்தவன் இல்லை, ஐ.டி.ஐ.யோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருந்தால் என்னிடம் கேளுங்கள்.

போன பொங்கலுக்கு வந்தபோது, கவிதா, நீ சாப்பிட்டுக்கொண்டே ஒன்று சொன்னாய். உங்கள் கம்பெனியில் கெர்னலுக்கு வரும் திருத்தங்களை இப்போது ஆள் உட்கார்ந்து பார்ப்பதில்லை, ஒரு புரோகிராமே பொறுக்கி எடுத்து, ஒட்டி, சோதித்து, பச்சை விளக்கு வந்தால் அனுப்பியும் விடுகிறது என்றாய். "நாங்க பாக்கதே இல்லப்பா, அதுவா ஏறிரும்" என்றாய். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏளா, ஒங்கப்பாக்கு இனி சோறு எறங்காது" என்றாள். அம்மா சொன்னது சரிதான். அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று உங்கள் இரண்டு பேருக்கும் பாதிதான் தெரியும். ஓட்டப்பிடாரத்தில் டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தேன். அங்கிருந்து தூத்துக்குடிக்கு வந்து, படகுகளில் வைக்கிற பெட்டி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். படகு எங்கே இருக்கிறது என்று கரைக்குச் சொல்லும், கரையிலிருந்து காற்று மழை எச்சரிக்கையை வாங்கிக் கொடுக்கும், ஆபத்து என்றால் அமுக்க ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அவ்வளவுதான் பெட்டி. முதலில் சால்டரிங் வைத்தேன். பிறகு கம்பி கோத்தேன். பிறகு உள்ளே இருக்கும் புரோகிராமை ஏற்றி இறக்கினேன். அப்படியே கெர்னல் வேலைக்குள் போய்விட்டேன். கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தப்புச் செய்தேன், திட்டு வாங்கினேன், மறுபடி செய்தேன்.

கெர்னல் என்பது பெட்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டரின் அடித்தளம். நினைவகத்தில் யாருக்கு எவ்வளவு இடம், எந்தக் கம்பியில் என்ன சொருகியிருக்கிறது, யார் எதைத் தொடலாம் என்று பார்ப்பதெல்லாம் அதுதான். நாங்கள் வைத்திருந்தது உலகத்துக்கே திறந்து கிடக்கும் கெர்னல். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தம் எழுதி அனுப்பலாம். புது வசதிகள் எல்லாம் முதன்மைப் பதிப்புக்குப் போகும். பழைய பதிப்புகளுக்குப் பிழை நீக்கும் திருத்தம் மட்டும்தான். அதற்கும் சட்டம் உண்டு. திருத்தம் சின்னதாக இருக்க வேண்டும், உண்மையான பிழைக்காக இருக்க வேண்டும், முதலில் முதன்மைப் பதிப்பில் சேர்ந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு தலைவலி இருந்தது. பெட்டியின் ரேடியோவைச் செய்தவர்கள் ஒரே ஒரு பழைய கெர்னலுக்குத்தான் டிரைவர், அதாவது அந்த ரேடியோவை இயக்கும் புரோகிராம், கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார்கள். அதனால் நாங்கள் அந்தப் பதிப்பிலேயே மாட்டிக்கொண்டோம். கொஞ்ச காலத்தில் உலகமும் அந்தப் பதிப்பைக் கைவிட்டது. அதற்குப் பிறகு, புதிய பதிப்புகளுக்கு வரும் திருத்தங்களில் எங்களுக்கு வேண்டியதை எடுத்துப் பழையதில் பொருத்துவது எங்கள் பொறுப்பாகிவிட்டது.

எதை எடுப்பது என்பதில்தான் சந்தேகம் ஆரம்பிக்கும். பாதுகாப்பில் ஓட்டை இருந்தால் அதை யாரும் ஊருக்குச் சொல்லிவிட்டு அடைக்க மாட்டார்கள். சொன்னால் திருடனுக்கும் சொன்ன மாதிரி. அதனால் 'சிறு பிழை நீக்கம்' என்று தலைப்பு வைத்துச் சத்தமில்லாமல் அடைத்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வொரு சின்னத் திருத்தத்தையும், இது ஏதாவது ஓட்டையை மூடுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அதே திருத்தத்தையே, நம் பழைய பெட்டியில் எதையாவது உடைக்குமோ என்றும் சந்தேகப்பட வேண்டும். எடுத்தாலும் பயம், விட்டாலும் பயம். எனக்குச் சம்பளம் கொடுத்ததே அந்தப் பயத்துக்குத்தான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் ஸ்டெல்லா மேடம். மணப்பாட்டுக்காரர், கடல்காரக் குடும்பம். அவர் ஒரு திருத்தத்தைப் படிக்கும் விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கீழேயிருந்து மேலே படிப்பார். ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் சில பெயர்கள் இருக்கும். எழுதியவர் யார், பார்த்துச் சரி சொன்னவர் யார், சோதித்தவர் யார் என்று அது எந்தெந்தக் கைவழியாக வந்ததோ அத்தனை பெயரும். மேடம் முதலில் அந்தப் பெயர்களைப் படிப்பார். பிறகு கடைசி வரி, அதற்கு முந்தின வரி என்று மேலே ஏறுவார். மேலேயிருந்து படித்தால் எழுதியவன் சொல்லும் கதையை நம்பிவிடுவோம் என்பது அவர் கணக்கு. படித்து முடித்ததும் அவர் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "இது எங்கேருந்து வந்துது?" நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. "பெருசாத் தப்பு ஒண்ணும் தெரியல" என்றால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா.

ஒரு பதிப்பை வெளியிடும் நாளில் அறைக் கதவைச் சாத்திவிடுவார். பீரோவுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதற்கு நெட் கிடையாது. கம்பெனியின் முத்திரைச் சாவி அதற்குள்தான். கையில் பிடிக்கிற சாவி இல்லை, நீளமான ஓர் எண். அந்தச் சாவியால் முத்திரை வைத்த பதிப்பை மட்டும்தான் படகுப் பெட்டிகள் ஏற்றுக்கொள்ளும். முத்திரை வைப்பதற்கு முன், உள்ளே வந்த கோப்பும் நாங்கள் சோதித்த கோப்பும் ஒன்றுதானா என்று பார்ப்போம். இரண்டு திரையிலும் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீள வரி வரும். மேடம் ஒரு திரையைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் மற்றதைப் பார்த்து "ஆமா, ஆமா" என்பேன். கம்ப்யூட்டரே ஒப்பிட்டுச் சொல்லிவிடுமே என்று ராஜா ஒருமுறை கேட்டான். ராஜா எங்களோடு வேலை பார்த்த இன்ஜினீயர், கெட்டிக்காரன், வாய் கொஞ்சம் நீளம். "அந்தக் கம்ப்யூட்டர யாரு ஒப்பிட்டா?" என்று மேடம் கேட்டார். அவன் என்னிடம் தனியாக, "அண்ணே, இந்தம்மா கண்ணாடியப் பாத்தாக்கூட ஆதார் கார்டு கேக்கும்" என்றான்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். எங்களுக்கு அதுதான் அறுவடை. பெட்டிகளுக்குப் புதுப் பதிப்பு ஏற்ற அந்த நாட்கள்தான் கிடைக்கும். தடை முடிந்து படகுகள் இறங்கிவிட்டால் பிறகு பெட்டி கைக்கு வராது. அந்த வருஷம் தடை தொடங்கின சமயத்தில் புதிய பதிப்புகளுக்கு ஒரு திருத்தம் வந்தது. யு.எஸ்.பி. கம்பியில் சொருகிய கருவியை, அது வேலை செய்துகொண்டிருக்கும்போதே பிடுங்கினால் வரும் பிழை. எங்கள் பெட்டியில் இடம் காட்டும் ரிசீவர் அந்தக் கம்பியில்தான் இருந்தது. அதனால் திருத்தம் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

நாங்கள் அதில் கை வைப்பதற்குள் ஹென்ரிக் என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. அதே திருத்தத்தை எங்கள் பழைய பதிப்புக்கென்றே பொருத்தி அனுப்பியிருந்தான். மரியாதையான நாலு வரி, கூடவே திருத்தம். யார், எந்த நாடு, எங்கே வேலை, ஒன்றும் இல்லை.

எங்கள் மூலநிரலை வெளியில் வைப்பது அந்தக் கெர்னல் உரிமத்தின் கட்டாயம், வைத்திருந்தோம். ஆனால் அதை யாராவது எட்டிப் பார்த்ததாக எங்களுக்குத் தெரியாது. தூத்துக்குடியில் ஒரு சின்னக் கம்பெனி எந்தக் கிழட்டுப் பதிப்பில் இருக்கிறது என்று தேடிப் பார்த்து, கேட்காமலேயே உதவி செய்கிறவன் யார்? ராஜாவுக்குச் சந்தோஷம், வேலை மிச்சம் என்று. மேடம் கீழேயிருந்து மேலே படித்தார். பிறகு மூலத் திருத்தத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒரு வரியில் விரலை வைத்தார். மூலத்தில் அந்த வரி இல்லை. இவன் தானாகச் சேர்த்திருந்தான்.

"இது எங்கேருந்து வந்துது?"

மூன்று பேரும் அந்த ஒரு வரியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். நினைவகத்தில் ஓர் இடத்தை இன்னும் கொஞ்சம் நேரம் திறந்து வைத்திருக்கிற வரி அது. திருடன் கதவில் சின்னதாக ஒரு குச்சியைச் செருகி வைப்பானே, அந்த மாதிரித் தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் எல்லாம் பொருந்தும். அவன் மரியாதையாக எழுதியதுகூட எனக்குத் தப்பாகப் பட்டது. மேடம் அதை ஒதுக்கி வைத்தார். மூலத் திருத்தத்தையே எடுத்து எங்கள் பழைய பதிப்பில் தானே ஒட்டினார். ஓர் இடறல் இல்லாமல் ஒட்டிக்கொண்டது. நான் மேசையில் வைத்துக் கம்பியைப் பிடுங்கிச் சொருகிப் பிடுங்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. அடியில் மேடம் பெயரும் சோதித்தவன் என்று என் பெயரும் ஏறின.

விசைப்படகுகளுக்கு ஏற்றுமுன் கடலில் ஒரு சோதனை வேண்டும். தடைக்காலத்தில் நாட்டுப்படகுகள், எங்கள் பக்கத்தில் வள்ளம் என்போம், போகலாம். சேவியர் என்று ஒரு வள்ளக்காரர், எங்கள் பெட்டியை முதலில் வாங்கியவர், எனக்குப் பழக்கம். அவர் வள்ளத்தில் புதுப் பதிப்பை ஏற்றினேன். "என்ன அண்ணாச்சி, இதுல மீன் எங்கன நிக்குன்னு காட்டாதா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வீட்டம்மா ரோஸ்லின் எனக்குப் போன் செய்தது. "அண்ணே, அவுக எங்கன நிக்காக? காத்து ஏறுதுன்னு சொல்லுதாங்க. போனு போவ மாட்டேங்கு." நான் திரையைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி முயல் தீவுக்குப் பக்கத்தில் இருந்தது. கரைக்குக் கிட்டத்தான் நிற்கிறார், எச்சரிக்கையும் அனுப்பியாகிவிட்டது என்றேன். "கிட்டத்தானா? அப்பச் சரிண்ணே, நீங்க சொன்னாச் சரி" என்று வைத்துவிட்டது.

நீங்க சொன்னாச் சரி. அந்த வார்த்தை என்னை எழுந்திருக்க விடவில்லை. நான் எதைப் பார்த்துச் சொன்னேன்? மறுபடி திரையைப் பார்த்தேன். புள்ளி அதே இடத்தில். எண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி இலக்கம்கூட மாறவில்லை. மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"நங்கூரம் போட்டாலும் வள்ளம் ஆடும் முருகேசன். இது வள்ளம் நிக்கல. பெட்டி நின்னுட்டு."

பிறகு ஓட்டம்தான். கரையில் வயர்லெஸ் வைத்திருந்த மீனவர் சங்கத்துக்காரர்களிடம் ராஜா பைக்கில் போனான். அவர்கள் கடலில் இருந்த மற்ற வள்ளங்களைக் கூப்பிட்டார்கள். நான் ரோஸ்லினுக்குப் போன் செய்து, நான் சொன்னது தப்பு, எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாது என்றேன். ரோஸ்லின் மெதுவாக, "தெரியாதா?" என்று கேட்டது. திட்டியிருந்தால் தேவலை.

தெற்கே வெகுதூரத்தில் ஒரு வள்ளம் அவரைப் பார்த்துக் கத்திச் சொல்லியிருக்கிறது. காற்று முழுசாக ஏறுவதற்குள் புன்னக்காயல் பக்கம் கரை சேர்ந்துவிட்டார். எங்கள் எச்சரிக்கை எதுவும் அவருக்கு வரவேயில்லை. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே ஆபீசுக்கு வந்தார். மேசையில் வைத்தார். உள் பாட்டரியில் அப்போதும் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"செத்துட்டுன்னா செத்துட்டுன்னு சொல்லணும்லா அண்ணாச்சி. சோப்பு டப்பா கணக்கா இருந்தாக்கூட நான் என் பாட்டுக்கு வானத்தப் பாத்து வந்திருப்பேன். இது பச்சையப் போட்டுட்டுல்லா இருக்கு. நான் இத நம்பிட்டு நின்னேன்."

ரிசீவர் சொருகும் இடத்தில் உப்புப் பூத்திருந்தது. அதனால் வள்ளம் குதிக்கிற ஒவ்வொரு குதிப்புக்கும் தொடர்பு விட்டுவிட்டு ஒட்டியிருக்கிறது. நான் மேசையில் பிடுங்கிச் சொருகியதெல்லாம் நிதானமாக. கடல் அப்படி நிதானமாகப் பிடுங்காது.

உங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்கிறேன். நினைவகம் ஒரு லாட்ஜ் என்று வையுங்கள். ஓர் அறைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வரவேற்பில் கணக்கு. புதிய கெர்னலில், ஆள் உள்ளே போனால் கணக்கில் ஒன்று கூட்டுவார்கள், வெளியே வந்தால் ஒன்று கழிப்பார்கள். பூஜ்யம் ஆனால் அறையை அடுத்தவனுக்குக் கொடுப்பார்கள். அந்தத் திருத்தம் செய்தது, விட்டுப்போன ஒரு கழித்தலைச் சேர்த்தது. சரிதான். ஆனால் எங்கள் பழைய கெர்னலில் அந்த இடத்தில் கூட்டுகிற பழக்கமே இல்லை. கூட்டாத கணக்கில் நாங்கள் கழித்தோம். உள்ளே ஆள் இருக்கும்போதே அறை காலி என்று ஆகிவிட்டது. என் மேசையில் நிதானமாகப் பிடுங்கியபோது அந்த அறைக்கு அடுத்த ஆள் வரவில்லை, அதனால் தெரியவில்லை. கடலில் உடனே உடனே ஆள் வந்தது, ஒரே அறையில் இரண்டு பேர், பெட்டியின் மற்ற வேலையெல்லாம் உறைந்தது. விளக்கை எரியவைக்கும் புரோகிராம் பழைய பதிலையே பார்த்துப் பச்சையைப் போட்டுக்கொண்டிருந்தது. கரையில் எங்கள் திரையும் கடைசியாக வந்த இடத்தையே காட்டிக்கொண்டிருந்தது.

ஹென்ரிக் சேர்த்திருந்த அந்த ஒரு வரி, கூட்டுகிற வரி.

மேடம் அதைக் கண்டுபிடித்ததும் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு மேடம் சொன்னார்: "தெரியாதவன் எழுதினத மூணு பேரும் திரும்பத் திரும்பப் படிச்சோம். நான் ஒட்டினத யாராது படிச்சமா?"

யாரும் படிக்கவில்லை. ஓர் இடறல் இல்லாமல் ஒட்டிக்கொண்டது, அடியில் மேடம் பெயர் இருந்தது, அதனால் யாரும் படிக்கவில்லை. எங்கள் தொழில்காரர்கள் மட்டும் செய்கிற தப்பு இது. வரிகள் அப்படியே வந்து உட்கார்ந்தால் அர்த்தமும் கூடவே வந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைப்போம்.

ஒட்டிய ஒரு திருத்தத்தை நீக்கும்போது ஏன் நீக்குகிறோம் என்று எழுத வேண்டும். உலகமே பார்க்கும் இடத்தில் மேடம் தன் பெயரில் எழுதினார். மூலத்தைப் பழைய பதிப்பில் ஒட்டினேன், சுற்றியுள்ள நிரலைப் படிக்கவில்லை, ஒரு படகு ஆபத்தில் நின்றது, தவறு என்னுடையது. அவ்வளவுதான், சாக்குப்போக்கு ஒன்றும் இல்லை. பிறகு ஹென்ரிக்கின் திருத்தத்தை எடுத்து, அது சரி என்று தெரிந்த பிறகும் முதலிலிருந்து, கீழேயிருந்து மேலே படித்தார். நான் மோட்டாரில் ஒரு கம்பியைக் கட்டி, சடசடவென்று விட்டுவிட்டு ஒட்டுகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்து, பெட்டியை நாள் கணக்கில் ஆட்டினேன். உறையவில்லை. விளக்குப் புரோகிராமையும் மாற்றினோம், ரிசீவரிலிருந்து புது எண் வராவிட்டால் சிவப்பு. ஹென்ரிக் பெயரோடு திருத்தம் ஏறியது. தடை முடிவதற்குள் விசைப்படகுகளுக்கும் ஏற்றிவிட்டோம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நீங்கள் சொல்வீர்கள், பாவம் நல்லவனைச் சந்தேகப்பட்டீர்களே அப்பா என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவன் இன்னும் பல திருத்தங்கள் அனுப்பினான். எல்லாம் சரி. எல்லாம் மரியாதை. நாங்களும் அவன் மின்னஞ்சலை எதிர்பார்க்க ஆரம்பித்தோம். பிறகு ஒருநாள் எழுதினான். உங்கள் பதிப்புகள் தாமதமாக வருகின்றன, ஆள் குறைவு என்று தெரிகிறது, முத்திரை வைக்கும் அதிகாரத்தை எனக்கும் கொடுத்தால் உங்கள் சுமை குறையும்.

ராஜா கொடுக்கலாம் என்றான். "மேடம், நம்ம எல்லாருக்கும் தெரியாதது அவனுக்குத்தான் தெரிஞ்சுது. சேவியர் அண்ணாச்சி உசுரோட இருக்கதுக்கு இனி அவந்தான் காவல். இன்னும் என்ன ருசு வேணும்?"

"அவன் எழுதின வரி சரி. அதுக்கு நான் ருசு பாத்தேன். அவன் யாருன்னு எனக்குத் தெரியாது, ராஜா. தெரியாத ஆளுட்ட சாவி இருக்கக் கூடாது."

"அப்ப அவன் திருடன்னு சொல்லுதியளா?"

"நான் ஒண்ணும் சொல்லல. சாவி பீரோல இருக்கும்னு சொல்லுதேன்."

மேடம் நன்றி சொல்லி, முடியாது என்று எழுதினார். திருத்தங்களை எப்போதும் போல அனுப்பலாம், படித்து எடுத்துக்கொள்வோம் என்றும் எழுதினார். பதில் வரவில்லை. ஒரு திருத்தமும் அதற்குப் பிறகு வரவில்லை.

அவன் மனம் நொந்து போன நல்லவனா, இத்தனை காலம் தூண்டிலில் இரை கோத்துக்கொண்டே இருந்து சலித்துப்போன திருடனா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவன் அனுப்பிய ஒவ்வொன்றையும் நாங்கள் மூன்று பேரும் திரும்ப எடுத்துப் படித்தோம். ஒரு குற்றம் கிடைக்கவில்லை. கிடைக்காததால் நிம்மதி வந்ததா என்று கேட்டால், வரவில்லை. அவன் பெயர் அந்தத் திருத்தத்தின் அடியில் அப்படியேதான் இருக்கிறது. மேடம் எடுக்கவிடவில்லை. சரியான வேலைக்குச் செய்தவன் பெயர் இருக்க வேண்டும் என்றுவிட்டார்.

கவிதா, உன் புரோகிராம் எங்களைவிட வேகமாகப் பொறுக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதுவும் இடறல் இல்லாமல் ஒட்டினால் பச்சை போடும். அந்தப் பச்சைக்குப் பின்னால் ஒருவராவது வரிகளைப் படித்தார்களா என்று கேள். யாரும் இல்லை என்றால், நீ படி. உன் கம்பெனிப் பெட்டி எங்கே போய் எந்த வள்ளத்தில் உட்காருமோ, யார் கண்டது.

நான் ஓய்வு பெற்ற அடுத்த தடைக்காலத்தில் ஒருநாள் காலை சும்மா கரைப் பக்கம் போனேன். சேவியரின் வள்ளம் மணலில் ஏற்றிக் கிடந்தது. ஆள் இல்லை, கோயிலுக்குப் போயிருப்பதாகப் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் சொல்லிவிட்டு எழுந்து போனார். வள்ளத்தில் ஏறினேன். பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். பச்சை எரிந்தது. துண்டால் சொருகுமிடத்து உப்பைத் துடைத்துவிட்டு, ரிசீவர் கம்பியைப் பிடுங்கினேன். சிவப்பு வந்தது. சொருகினேன், பச்சை. இறங்குவதற்குக் கால் வைத்தவன் திரும்பி, இந்தத் தடவை நிதானமில்லாமல், கடல் பிடுங்குகிற மாதிரி விருக் விருக்கென்று பிடுங்கிச் சொருகிப் பிடுங்கிவிட்டு, கையில் கம்பியோடு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன், அது சிவப்பாகிற வரைக்கும்.